புள்ளி வைத்த எட்டுக் காலைகள்

இப்படியெல்லாம் எழுதுவது பணி ஓய்வு பெற்றவர்கள் செய்கிற காரியம். எனக்கு இன்னும் முப்பது வயது முடியவில்லை. கல்லூரி அலுவலகத்தில் ஐந்து ஆண்டுகள் தொகுப்பூதியத்தில் இருந்துவிட்டு, போட்டித் தேர்வில் தேறி, அடுத்த வாரம் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் சேருகிறேன். என் இடத்துக்கு வரும் நீங்கள் இருவரும், "போறதுக்கு முன்னாடி எதுனா சொல்லிட்டுப் போங்கண்ணா" என்றீர்கள். கணினியில் எதை எங்கே அழுத்துவது என்பது இரண்டு நாளில் உங்கள் விரலுக்கு வந்துவிடும். அதை விட்டுவிடுகிறேன். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அந்தத் தப்பால் ஒரு பெண்ணின் மூன்று வருடப் படிப்பு கடைசி வாரத்தில் நின்றுபோக இருந்தது.

நம் ஊரில் பௌர்ணமி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். நாளைக்கு வேறு மாவட்டத்திலிருந்து யாராவது இந்த வேலைக்கு வந்தால் அவரும் படிக்கட்டும் என்று எழுதிவைக்கிறேன். கிரிவலக் கூட்டத்துக்காகப் பேருந்துகளை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நிறுத்திவிடுவார்கள். கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் அங்கே இறங்கி நடக்க வேண்டும். ஷேர் ஆட்டோ கிடைத்தாலும் கூட்டத்தில் நகராது. கல்லூரி வந்து சேரும்போது முதல் மணி வகுப்பு முடிந்திருக்கும். முதல் மணிக்கு இல்லை என்றால் நம் விதிப்படி அரை நாள் போச்சு. பௌர்ணமித் திதி ஒரு நாள் தொடங்கி மறுநாள் முடியும் என்பதால் மாதத்துக்கு இரண்டு காலைகள் இப்படி.

இதற்கு ஆசிரியர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். எந்தச் சுற்றறிக்கையிலும் அது கிடையாது. பௌர்ணமிக் காலையில், வராத பிள்ளையின் கட்டத்தில் பேனாவால் ஆப்சென்ட் போடாமல் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார்கள். இரண்டாம் மணிக்குள் பிள்ளை வந்துவிட்டால் மாலையில் அந்தப் புள்ளியின் மேல் டிக் போட்டுவிடுவார்கள். நான் இதே கல்லூரியில் படித்தவன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். என் கட்டத்திலும் இந்தப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன, டிக் ஆகியிருக்கின்றன. ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை.

அந்தப் பருவத்தில் மூன்றாமாண்டு வரலாறு வகுப்பின் ஆசிரியை பேறுகால விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாக வந்த கௌரவ விரிவுரையாளர் தெற்கத்திக்காரர். முதல் பௌர்ணமியன்று பாதி வகுப்பு காலியாக இருந்ததைப் பார்த்துத் திகைத்திருக்கிறார். முன்வரிசையிலிருந்த ஒருத்தி, "சார், இன்னிக்கு பேனா வேணாம், பென்சில்ல புள்ளி வைங்க" என்றாளாம். அவரும் வைத்தார். அதை அப்புறம் டிக் ஆக்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பருவ முடிவில் பதிவேடு என் மேசைக்கு வந்தது. கணினியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே வழிதான்: வந்தார், வரவில்லை. பதிவேட்டில் மூன்றாவதாகப் புள்ளி இருந்தது. அந்த வகுப்பு மாடியில். இருபது படி ஏறிக் கேட்டிருக்கலாம். மறுநாளுக்குள் பல்கலைக்கழகத்துக்குப் பட்டியல் அனுப்ப வேண்டிய அவசரம். டிக் இல்லையென்றால் வரவில்லை என்று நானே முடிவுகட்டினேன். அந்த முடிவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

இன்னொரு தப்பும் உண்டு. மாதாமாதம் வருகைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். யாரும் கேட்பதில்லை என்பதால் மூன்று மாதங்கள் நான் ஒட்டவில்லை. கடைசியில், வருகை குறைந்தவர்களின் பெயர்களை மட்டும் ஒரு புதன்கிழமை மொத்தமாக ஒட்டினேன். வெள்ளிக்கிழமை ஹால் டிக்கெட் கொடுக்கும் நாள். திங்கள் தேர்வு. வரலாறு வகுப்பில் மட்டும் பதினொரு பேர். ஒரே வகுப்பில் இத்தனை பேரா என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வியாழக்கிழமை சுகன்யா வந்தாள். தண்டராம்பட்டு பக்கத்துக் கிராமம். அப்பாவுக்கு வேர்க்கடலை விவசாயம். பட்டியலில் நான்காவது பெயர்.

"சார், எனக்கு இருபத்தஞ்சு நாள் ஆப்சென்ட் போட்டிருக்கீங்க. நான் போட்டது இருபத்தோரு நாள்தான் சார்."

"கம்ப்யூட்டர்ல இருக்கறதுதான்மா வரும்."

"மொத்தம் தொண்ணூறு நாளு. அறுபத்தெட்டு நாள் வந்தா போதும். இருபத்திரண்டு வரைக்கும் போடலாம்னு கணக்கு வெச்சுதான் சார் லீவு போட்டேன். மல்லாட்டை புடுங்க பன்னெண்டு நாளு. அம்மாவுக்கு ஒடம்பு முடியாதப்ப ஒம்பது நாளு. நோட்டுல தேதியோட எழுதி வெச்சிருக்கேன்."

பக்கத்து மேசையிலிருந்து எங்கள் கண்காணிப்பாளர் குரல் கொடுத்தார். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். "இதுக்கு ஏம்மா இவ்ளோ கஷ்டப்படற? டாக்டர்கிட்ட நாலு நாளைக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வா. ஜாண்டிஸ், டைபாய்டு எதுனா ஒண்ணு. வருகைக் குறைவுக்கு மன்னிப்புன்னு எழுதி அனுப்பிடறேன். உங்க கிளாஸ்லயே மூணு பொண்ணுங்க காலையிலயே குடுத்துட்டுப் போயிட்டாங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லியே சார்."

"அது எனக்குத் தெரியாதா? பேப்பருக்குத்தாம்மா."

அவள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். எதிரில் நிற்கிற பிள்ளை பேசாமல் போய்விட்டால் வேலை முடிந்துவிட்டது என்று நமக்குத் தோன்றிவிடும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அம்மாவோடு வந்தாள். அந்த அம்மா வாசற்படியிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா சார், எம்பொண்ணுக்கு டைபாய்டுன்னு எழுதித் தரச் சொன்னீங்களாமே?"

"உக்காருங்கம்மா."

"உக்கார நேரமில்ல சார். ஆட்ட அவுத்து வுட்டுட்டு வந்துகீறேன். கல்யாணம் ஆவாத பொண்ணு. சீக்குன்னு ஒரு பேப்பர் இங்க கெடந்தா, நாளைக்கு யார்னா கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? டைபாய்டுல கெடக்கறவ தாம்பரத்துக்கா நடந்து போவா? இவ நடந்து வந்தாளே சார் காலேஜிக்கு! கால்ல கொப்பளம் வந்து நாந்தான் மஞ்சத்தூள் வெச்சேன்."

"தாம்பரம் எங்கம்மா வந்துது நடுவுல?" என்றார் கண்காணிப்பாளர்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார். நீங்களும் பேப்பருக்குன்னுதான சொன்னீங்க?"

அலுவலகத்தில் எல்லாரும் சிரித்துவிட்டோம். சுகன்யா மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து கல்லூரிக் கையேட்டை எடுத்தாள். சேர்க்கையன்று எல்லாருக்கும் கொடுப்போமே, அதேதான். மாணவர் கடமைகள் என்று ஒரு பக்கம் இருக்கும், அதன் அடியில் அவர்களிடம் கையெழுத்து வாங்குவோம். அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். கல்லூரியின் பொறுப்புகள். விரலை வைத்துப் படித்தாள்.

"மாதந்தோறும் ஐந்தாம் தேதிக்குள் வருகை விவரம் அறிவிக்கப்படும். பிழையிருப்பின் மாணவர் ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்." நிமிர்ந்தாள். "நான் கையெழுத்துப் போட்டதை நான் செஞ்சேன் சார். இதுல யார் சார் கையெழுத்துப் போட்டிருக்காங்க? மாசாமாசம் ஒட்டியிருந்தா மொத மாசமே வந்து கேட்டிருப்பேன். இப்ப ஏழு நாள் எனக்கு எங்க இருக்கு?"

அலமாரியிலிருந்து வரலாறு வகுப்பின் பதிவேட்டை எடுத்து வந்து அவள் நோட்டோடு தேதி தேதியாக ஒப்பிட்டேன். இருபத்தொரு நாட்கள் அச்சாகப் பொருந்தின. மீதி நான்கு நாள் எட்டு அரை நாட்களாகக் கிடந்தது. எட்டுக் கட்டங்களிலும் பென்சில் புள்ளி. அவை பௌர்ணமிக் காலைகள் என்று தெரிய, சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்க்கவே தேவையில்லை. பக்கத்துப் பெயர்களிலும் அதே தேதிகளில் அதே புள்ளிகள்.

அந்தப் பெண்ணுக்கு இதில் என்ன போகும் என்று அப்போதுதான் கேட்டேன். "இந்தப் பரீட்சை எழுதலன்னா அடுத்த வருஷம் ஜூனியர்ஸோட வந்து மறுபடி இந்த செமஸ்டர் உக்காரணும். அப்பா அனுப்ப மாட்டாரு சார். மூணு வருஷம்னுதான் பேச்சு" என்றாள். அவள் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கண்காணிப்பாளர் என்னைத் தண்ணீர்க் குடம் இருக்கும் மூலைக்குக் கூப்பிட்டார். "தம்பி, புரியுது. ஆனா லிஸ்ட் யூனிவர்சிட்டிக்குப் போயிடுச்சு. இப்ப திருத்தணும்னா தப்பு யாரோடதுன்னு எழுதணும். அடுத்த மாசம் உன் கான்ட்ராக்ட் ரினீவல். சர்டிபிகேட்னா யாருக்கும் சேதாரம் இல்ல. நான் வேணா அந்த அம்மாகிட்ட பேசறேன்."

அவர் சொன்னது என் நல்லதுக்குத்தான். நானும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சாய்ந்தேன். வீட்டில் என் சம்பளத்தை நம்பி நான்கு பேர். ஆனால் அந்தச் சான்றிதழின் அர்த்தம் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். கல்லூரிக்கு நடந்து வந்த பெண், படுத்துக் கிடந்தேன் என்று எழுதிக் கொடுத்து, என்னை மன்னியுங்கள் என்று நம்மிடமே கேட்க வேண்டும். நாம் பெருந்தன்மையாக மன்னிக்க வேண்டும். எவ்வளவு யோசித்தும் எனக்கு அது ஒப்பவில்லை.

ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன். இன்ன தேதிகளில் பதிவேட்டில் இருந்த புள்ளிகளைத் துறையில் விசாரிக்காமல் வரவில்லை என நான் பதிந்தேன், மாதப் பட்டியலையும் நான் ஒட்டவில்லை என்று நான்கு வரி. கையெழுத்துப் போட்டு, பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு, அம்மாவையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன்.

நம் முதல்வர் அம்மா அதிகம் கத்த மாட்டார். அன்று கத்தினார். விரிவுரையாளர் வரவழைக்கப்பட்டார். "புள்ளி வைக்கச் சொன்னாங்க மேடம், வச்சேன். அப்புறம் டிக் ஆக்கணும்னு எனக்கு யாரும் சொல்லலையே" என்று அவர் நின்ற நிலையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர்மேல் குற்றமில்லை என்று நானே சொன்னேன். அன்றைக்கு இரண்டாம் மணியில் இந்தப் பிள்ளைகள் இருந்தார்களா என்பதற்கு, அந்த மணியில் பாடம் நடத்திய ஆசிரியரின் குறிப்பேடு வந்தது. எட்டு நாளும் சுகன்யா இருந்திருக்கிறாள்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "எட்டு நாளும் பஸ்ஸாலதானே லேட்டு?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏழு நாள் மேடம்" என்றாள்.

"எட்டு இருக்கே?"

"மார்ச்சுல ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா ஸ்கூட்டியில சீக்கிரமே வந்துட்டேன். ரமணாசிரமத்துக்கிட்ட ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கறாங்கன்னு சொன்னாங்க. அங்க போய்க் கேட்டுட்டு வந்தேன். அது என்னோட லேட்டு."

"அடிப்பாவி, எங்கிட்ட சொல்லவே இல்லியே!" என்றார் அம்மா. "வேலை கெடச்சுதா?"

"இங்கிலீஷ் ஜாஸ்தி பேசணுமாம், டிகிரி முடிச்சிட்டு வான்னாங்க."

முதல்வர் காகிதத்தை இழுத்துக் கணக்குப் போட்டார். இருபத்தொன்றோடு ஓர் அரை நாள். இருபத்திரண்டுக்கு மேல் போனால் போச்சு. அவள் பக்கம் இருந்தது வெறும் அரை நாள். அவளுக்கும் அது தெரியும். நோட்டில் அத்தனை கணக்கு வைத்தவள், சொல்லும்போதே அதையும் கூட்டித்தான் பார்த்திருப்பாள்.

"இருபத்தொன்றரை" என்றார் முதல்வர். "அந்த அரை நாளு உன்னுது, அத எடுக்க மாட்டேன். மீதி ஏழும் எங்களுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு மெமோ வரும். வாங்கிக்குங்க. இப்ப பதினொரு பேரையும் இதே மாதிரி பாத்து ஒரு மணிக்குள்ள கொண்டு வாங்க. பல்கலைக்கழகத்துக்கு நானே பேசறேன்."

பார்த்தோம். பதினொரு பேரில் ஒன்பது பேர் தேறினார்கள். இருவருக்குப் புள்ளிகளை எல்லாம் எடுத்துவிட்டும் குறைந்தது. அவர்களில் ஒருவன், "அண்ணா, இன்னும் நாலு புள்ளி எங்கனா ஒட்டிக்கினு இருக்கும், நல்லா தேடிப் பாருங்கண்ணா" என்று பதிவேட்டுக்குள் தலையை விட்டான். அவனுக்குத் தேட என்னிடம் ஒன்றுமில்லை. அவன் நிஜமாகவே வரவில்லை, அதை அவனும் ஒப்புக்கொண்டான். விதிப்படி மன்னிப்புக்கு விண்ணப்பம் எழுத உதவினேன், அதுவும் உண்மையான காரணத்தோடு. சான்றிதழ் கொடுத்திருந்த மூன்று பெண்களும் தேறிய ஒன்பது பேரில் இருந்தார்கள். முதல்வர் அந்த மூன்று தாள்களையும் அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். "மஞ்சள் காமாலைன்னு எழுதிக் குடுத்ததிலேர்ந்து கேன்டீன்ல எனக்கு பஜ்ஜியே தர மாட்றாங்க சார்" என்றாள் ஒருத்தி, அதைக் கிழித்துக்கொண்டே.

மதியம் மூன்றரைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து அனுமதி வந்தது. நான்கு மணிக்கு சுகன்யாவின் கையில் ஹால் டிக்கெட் இருந்தது. அவள் அம்மா அதை வாங்கி, புகைப்படத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல ஏன்டி இப்படி மொறைக்கற?" என்று திருப்பிக் கொடுத்தார்.

என் மெமோவையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரமே வந்தது. பணிக் கோப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மூன்று வாரம் தாமதமானது, பிறகு புதுப்பித்தார்கள். உங்களுக்கும் இப்படித்தான் முடியும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அந்த மூன்று வாரமும் நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் அவளிடம் அந்தச் சான்றிதழை வாங்கியிருந்தால் எத்தனை வாரம் பயந்திருப்பேன் என்று தெரியவில்லை.

ஹால் டிக்கெட் கொடுத்த அன்று மாலை செய்ய இன்னொரு வேலை இருந்தது. பலகையில் பதினொரு பெயர்கள் எல்லார் கண்ணிலும் பட்டபடி மூன்று நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அதைக் கிழித்துவிட்டுத் திருத்திய அறிவிப்பை ஒட்டினேன். எப்போதும் எழுதுகிற நடையில்தான் எழுதியிருந்தேன்: "கீழ்க்கண்ட மாணவ மாணவியரின் கோரிக்கையை ஏற்று, அவர்களது வருகைப்பதிவு கருணையுடன் பரிசீலிக்கப்பட்டு, தேர்வெழுத அனுமதிக்கப்படுகிறது."

பேருந்துக்குப் போகிற வழியில் சுகன்யா நின்று படித்தாள். அவள் அம்மா, "வாடி, பஸ்ஸு போயிடும்" என்று கையை இழுத்தார். அவள் நகரவில்லை.

"சார், நான் கோரிக்கை வெக்கலையே."

"அது சும்மா, எழுதற முறைம்மா."

"கருணைன்னு வேற போட்டிருக்கீங்க. நாங்க வந்தோம். நீங்க வரலன்னு போட்டீங்க. அவ்ளோதான சார்?"

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கில் விடுபட்டதை எடுத்துக் காட்டுவது போலச் சொன்னாள். நான் பசை காயாத அந்தத் தாளை உரித்தெடுத்தேன். உள்ளே போய் இன்னொன்று அச்சடித்து, மாடியேறி முதல்வரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார், பிறகு கையெழுத்திட்டார்.

ஒன்பது பெயர்கள். மேலே ஒரே வரி: "அலுவலகப் பிழை திருத்தப்பட்டது. இவர்கள் அந்நாட்களில் வகுப்புக்கு வந்திருந்தார்கள்."

அம்மாவும் பெண்ணும் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அதற்காகக் காத்திருந்தார்கள். நான் தாளின் மேல் முனைகளை ஒட்டினேன். கீழ் முனை காற்றில் தூக்கியது. சுகன்யா அதைத் தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், நான் பசை தடவி முடிக்கும் வரை.